லீவு ரத்தான தைப்பூசம்

தற்காப்புத் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். சந்தோஷம். வீட்டில் என்ன வேலை என்று சொல்லி வைத்திருக்கிறீர்களோ, தெரியாது. எனக்கு இந்த வேலை கிடைத்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் அப்பா, "வசந்தாவுக்கு ஆர்மியில வேலை" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எனக்கு வரன் வரவில்லை. கோபம் வந்தால் பெண் சுட்டுவிடுவாள் என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்திருக்க வேண்டும். உண்மையில் பணிக்காலம் முழுவதும் நான் கையில் எடுத்த ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர். அதிலும் பாதி நாள் பின் இருக்காது.

நம் வேலை என்ன? இன்னொரு நாடு நம்மோடு சண்டைக்கு வரப்போகிறதா என்று முன்கூட்டியே சொல்வது. வந்த பிறகு சொல்ல நாம் தேவையில்லை, டிவி சொல்லிவிடும். சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் வாட்சாப்பில் தகவல் போட்டுவிட்டுக் கிளம்புவதில்லை. ஆனால் ஒரு படை நகர வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும், கூடாரம் வேண்டும், அடிபட்டவர்களுக்கு ஏற்றுவதற்கு ரத்தம் வேண்டும். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி இறக்கினால் அது கல்யாண வீடு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறதல்லவா, அதே மாதிரிதான்.

எங்கள் அறையில் இதற்கென்று ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. சக்கரம் வைத்தது, இரண்டு பக்கமும் எழுதலாம். முன்பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அடையாளம் எழுதியிருப்போம். எதிர்த்தரப்பில் அந்த அடையாளம் தென்பட்டால் சிவப்புக் காந்த வில்லை, இல்லையென்றால் பச்சை. இப்போது உங்களுக்கு எல்லாம் கணினித் திரையில் வருகிறதாம். வரட்டும், விஷயம் ஒன்றுதான்.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தில்லை என்று நாம் சொல்லி, ஆபத்து வந்துவிட்டால் நம் உத்தியோகம் போய்விடும். ஆபத்து என்று சொல்லி, அது வராமல் போனால், நாம் எச்சரித்ததால்தான் வரவில்லை என்று பாராட்டுவார்கள். ஆகவே எங்கள் அறையில் சிவப்பு வில்லைகள் அடிக்கடி தீர்ந்துபோகும். பச்சை வில்லைகள் டப்பாவில் புதுசாகவே கிடந்தன.

இப்போது நான் சொல்ல வந்த கதை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. எந்த நாடு, எந்தக் கடல் என்று கேட்காதீர்கள், எனக்கு ஓய்வூதியம் முக்கியம். தகராறு ஒரு பாறையைப் பற்றியது. அலை ஏறினால் அது தண்ணீருக்குள் போய்விடும், இறங்கினால் தலையை நீட்டும். மேலே ஒரு நாற்காலி போட்டு உட்கார முடியாது. பறவைகள் வந்து செய்துவிட்டுப் போகிற காரியத்தைத் தவிர அங்கே வேறு எந்த வளமும் கிடையாது. ஆனால் எங்கள் வரைபடத்தில் அது எங்களுடையது, அவர்கள் வரைபடத்தில் அவர்களுடையது. அவர்கள் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றை அங்கே நம்மவர்கள் பிடித்தார்கள். அவர்கள் ஒரு ரோந்துப் படகை அனுப்பினார்கள், நாமும் ஒன்றை அனுப்பினோம். இரண்டும் பாறைக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

நம் படகில் இருந்த இளம் அதிகாரிகளில் ஒருவன் டேனியல். எங்கள் அறையில் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த மைக்கேலின் ஒரே மகன். மைக்கேல் கடற்படையில் இருந்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தவர், செந்தூல் மெதடிஸ்ட் குடும்பம். அந்த நாட்களில் பலகையைப் பார்க்க வேண்டிய வேலை இல்லாதபோதும் அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

எனக்கு வேறு ஒரு கவலை. என் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். இருவரும் பிழைத்தார்கள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார், மிச்சம் என் பங்குதான். விரதம் இருந்தேன், லீவும் எப்போதோ வாங்கி வைத்திருந்தேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எங்கள் தலைவர் எல்லாருடைய லீவையும் ரத்து செய்தார்.

அவர் பெயர் வேண்டாம், அவருக்குக் கிடைத்த பட்டத்தை வைத்து டத்தோ என்றே சொல்கிறேன். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் நெற்றியைத் துடைத்துத் துடைத்தே சிவக்க வைத்துவிடுவார். நாங்கள் மலாயில்தான் பேசுவோம்; பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் 'புவானை' மட்டும் அப்படியே விட்டு, மிச்சத்தைத் தமிழில் தருகிறேன்.

"டத்தோ, இது நேர்த்திக்கடன். தள்ளிப்போட முடியாது" என்றேன்.

"புவான் வசந்தா, நாம் லீவில் இருக்கிறோமா இல்லையா என்று பார்த்துவிட்டா எதிரி எதையும் முடிவு செய்யப் போகிறான்?" என்றார்.

இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேன்ட்ரிக்குப் போய்க் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினேன். கூட்டத்துக்கு வாங்கியிருந்த நாசி லெமாக்கில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், நெத்திலி வாசனை ஆளைத் தூக்கியது. விரதத்தில் இருப்பவளுக்கு லீவும் இல்லை, நெத்திலியும் இல்லை. மைக்கேல் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பாறைகிட்ட சண்ட வருதோ இல்லையோ, இங்க வந்துரும் போல லா."

"வரட்டும் மைக்கேல். நான் ரெடி."

லீவு ரத்தான மறுநாளே எதிர்த்தரப்பிலும் ராணுவத்துக்கு லீவு ரத்து என்று செய்தி வந்தது. எங்கள் அறையில் ஃபைசால் என்று ஒரு கெட்டிக்கார இளைஞர் இருந்தார். கட்டம் ஒன்று சிவப்பானால் தன் அணி கோல் போட்டதுபோல் முகம் மலரும். அவர் முதல் வில்லையை ஒட்டினார். அதற்கடுத்து அவர்கள் நாட்டு மருத்துவமனைகள் ரத்தம் சேர்ப்பதாகச் செய்தி. பிறகு லோரி லோரியாகக் கூடாரங்கள், தண்ணீர் வண்டிகள். ராத்திரியிலும் ரயில்கள் ஓடத் தொடங்கின. துறைமுகத்தின் மேல் ட்ரோன் பறக்கத் தடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை.

"அவர்கள் பத்திரிகையில் வழக்கமான முன்னேற்பாடு என்றுதானே போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

ஃபைசால் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "புவான், அப்படித்தான் சொல்வார்கள்."

அது நியாயமாகவும் இருந்தது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் பலகையில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: இங்கே அவர்கள் தூதரகத்தில் இருப்பவர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்களா என்பது. அதுவும் சிவப்பானால் நாங்கள் மேலிடத்துக்கு 'சிவப்பு' என்று எழுதி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் பாறையருகே நிற்கும் நம் படகில் துப்பாக்கியின் உறையைக் கழற்றலாம் என்று உத்தரவு போகும். நாம் கழற்றினால் அவர்கள் பார்ப்பார்கள், அவர்களும் கழற்றுவார்கள். அதற்குப் பிறகு ஒரு பெரிய அலை அடித்து, விசையில் கை வைத்திருக்கும் ஒருவனுக்குக் கால் சறுக்கினால் போதும்.

மதிப்பீட்டை எழுத வேண்டியவள் நான். மறுநாள் நண்பகலுக்குள் மேலே போயாக வேண்டும் என்றார் டத்தோ. கூட்டம் கலைந்ததும் மைக்கேல் என் மேசைக்கு அருகில் வந்து நின்றார்.

"என்ன எழுதப் போறீங்க அக்கா?"

"கட்டம் என்ன சொல்லுதோ அதத்தான் எழுதணும்."

அவர் தலையாட்டினார். பிறகு சம்பந்தமில்லாமல் பேசுவதுபோலப் பேசினார். "போன வாரம் எண்ணெ ஊத்த படகு கரைக்கு வந்தப்ப டேனியல் போன் பண்ணான். எதிர்ப் படகுல ஒருத்தன் தெனம் காலையில ஸ்கிப்பிங் ஆடுறானாம். இவனுங்க எல்லாம் இங்கேருந்து எண்ணுவானுங்களாம். அவன் கால் தட்டி நின்னுட்டா இங்க கை தட்டுவானுங்களாம். அவனும் குனிஞ்சு வணக்கம் வைப்பானாம்." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்த நிமிஷத்தில் அந்தப் பலகையைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு போய் மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

மத்தியானம் என் கணவர் பத்துமலையிலிருந்து போன் செய்தார். சந்திரன், கிள்ளானில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். வருடா வருடம் பத்துமலையில் சங்கத்தின் சார்பாகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுவார். வருடா வருடம் முந்தின நாள் எனக்குப் போன் செய்து புலம்புவார். நான் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, "ம்" போட்டுக்கொண்டே ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ வரப்போறியா இல்லையா? இங்க நம்ம பந்தலுக்கு எடமே இல்ல வசந்தா. சீருடக்காரங்க பெரிய பெரிய கூடாரமா போட்டுட்டாங்க. ஒரு வாரமா லோரி லோரியா எறக்கிட்டே இருக்காங்க."

"ம்."

"தண்ணி லோரிய கொண்டாந்து நேரா நம்ம வாசல்ல நிப்பாட்டிட்டான். எடுன்னா எடுக்க மாட்டேங்கறான். அந்தப் பக்கம் ரத்ததான பஸ்ஸு. நம்ம சங்கத்துக் கேமராக்காரரு ட்ரோன் உட்டாரு, புடுங்கி வச்சுக்கிட்டாங்க, போன வாரத்துலேருந்தே இந்த வட்டாரத்துல பறக்கக் கூடாதாம்."

நான் ஃபைலை மூடினேன்.

"ராத்திரி முழுக்க ரயில் ஓடுதாம், அதனால கூட்டம் இன்னும் சாஸ்தியா இருக்கும். போலீஸ்காரங்க யாருக்கும் லீவே இல்லையாம், பாவம். ஏன் பேச்சே இல்ல? லைன்ல இருக்கியா?"

"ஏங்க, மறுபடியும் சொல்லுங்க. மெதுவா."

"எத? கூடாரத்தையா?"

"எல்லாத்தையும். மொதல்லேருந்து."

"எல்லா வருஷமும் இதத்தான் சொல்றேன். இந்த வருஷந்தான் கேக்குற" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுந்து பலகையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அதே கட்டங்களைப் போட்டேன். மேலே தமிழில் 'நாம்' என்று எழுதினேன். லீவு ரத்து, சிவப்பு. கூடாரம், சிவப்பு. தண்ணீர், சிவப்பு. ரத்தம், ரயில், ட்ரோன். வில்லை போதாமல் முன்பக்கத்திலிருந்து கழற்றி ஒட்டினேன். ஃபைசால் அதைப் பார்த்துப் பதறி டத்தோவை அழைத்துவந்தார்.

டத்தோ பலகையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். "யார் இது? இவ்வளவு தயாராக இருக்கிறார்களே?"

"நாம்தான் டத்தோ."

"நாம் யார் மேல் படையெடுக்கப் போகிறோம்?" என்று ஃபைசால் உண்மையான கவலையோடு கேட்டார்.

நான் விளக்கினேன். பத்துமலையில் ஒவ்வொரு வருடமும் அதே கூடாரம்தான், அதே தண்ணீர் லோரிதான். இந்த வருடம்தான் பாறைத் தகராறினால் யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள். நம் பிரிவைப் போலவே அங்கேயும் ஒரு பிரிவு இருக்கும். அங்கேயும் ஒரு பலகை, அங்கேயும் ஒரு ஃபைசால். நாம் லீவை ரத்து செய்தோம், மறுநாள் அவர்கள் செய்தார்கள். பத்துமலையில் கூடாரம் இறங்கியது, அதற்குப் பிறகுதான் அங்கே கூடாரம் இறங்கியது. எல்லாவற்றிலும் நாம்தான் முதல். நம்மைப் பார்த்து அவர்கள் தயாராகிறார்கள், அவர்களைப் பார்த்து நாம் சிவப்பு எழுதப் போகிறோம்.

"ஆனால் நம் பத்திரிகைகளில் திருவிழா என்றுதானே போட்டிருக்கிறது?" என்றார் ஃபைசால். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. "அப்படித்தான் சொல்வார்கள்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் நல்ல அதிகாரி ஆனார் என்று நான் நினைக்கிறேன்.

டத்தோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "புவான், அமைச்சரிடம் போய், காவடியினால் போர் வரப்போகிறது என்று சொல்லவா?"

"வேண்டாம் டத்தோ. அவர்களிடம் சொல்லுவோம்."

எப்படிச் சொல்வது என்பதுதான் சங்கடம். நாங்கள் படை திரட்டவில்லை என்று அறிக்கை விட்டால், திரட்டுகிறவன் அதைத்தானே சொல்வான். அவசரத் தொலைபேசியில் அழைத்தால், அவசரத் தொலைபேசியே அடித்துவிட்டது என்று அங்கே இன்னொரு வில்லை ஒட்டுவார்கள். மைக்கேல் மூலையிலிருந்து, "வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. கண்ணால பாத்தாதான்" என்றார் தமிழில், என்னிடம் மட்டும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். நம் ஊரில் யாரைக் கூப்பிடுவதும் கஷ்டமே இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தி வீட்டுக்கும் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு அழைப்பு போகும். அவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். டத்தோவுக்கும் இது தெரியும். அவருடைய பதவிக்குக் குறிவைத்திருந்த மனிதர் ஒவ்வொரு ஹரி ராயாப் பெருநாளுக்கும் அவர் வீட்டில்தான் ரெண்டாங் சாப்பிட்டார்.

"அவர்கள் தூதரகத்தின் ராணுவ அதிகாரியைத் தைப்பூசத்துக்கு அழைப்போம் டத்தோ" என்றேன்.

டத்தோ நீண்ட நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "சாப்பாடு என்ன?"

அழைப்பு முறைப்படி, வெளியுறவுக்காரர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் போனது. 'நாளைக் காலை பத்துமலையில் தைப்பூசம். தாங்கள் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும்.' சாயங்காலம் பதில் வந்தது. அழைப்புக்கு நன்றி, வருகிறேன், ஆனால் மனைவியும் பிள்ளைகளும் போன வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஃபைசால் மெதுவாக நடந்துபோய்ப் பலகையைத் திருப்பி, கடைசிக் கட்டத்தில் சிவப்பு வில்லையை ஒட்டினார். இந்த முறை முகம் மலரவில்லை.

"நல்ல யோசனை புவான்" என்றார் டத்தோ. "அழைப்பு அனுப்பி மிச்சமிருந்த கட்டத்தையும் நீங்களே நிரப்பிவிட்டீர்கள்."

விதிப்படி அப்போதே சிவப்பு அனுப்பியிருக்க வேண்டும். டத்தோ அனுப்பவில்லை. கெடு நாளை நண்பகல்தானே, அதுவரை பொறுக்கலாம் என்றார். ஃபைசால் அலுவலகத்தில் இருக்க வேண்டும், நண்பகலுக்குள் தன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் சிவப்பை அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பதவி போனாலும் போகட்டும் என்று ஒரு மனிதர் நெற்றியைத் துடைத்தபடி முடிவெடுத்ததை நான் பார்த்தது அப்போதுதான். கிளம்பும்போது என்னிடம், "லீவு கிடையாது. பால்குடம் எடுப்பதைப் பணி நிமித்தம் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அரசாங்கத்தில் அப்படி ஒரு பணிப் பயணம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இருக்காது.

மறுநாள் காலை ஆற்றில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, தலையில் குடத்தோடு நான் வரிசையில் நின்றேன். வரிசை எங்கள் சங்கத்துப் பந்தலைத் தாண்டித்தான் போகும், அதுவும் ஆமை வேகத்தில். டத்தோ பட்டுப் பாத்தேக் சட்டையில் வந்தார். அவரோடு நாங்கள் அழைத்திருந்த தூதரக அதிகாரி, ஒரு கர்னல். என் மகள் வயதுதான் இருக்கும். விறைப்பாக இஸ்திரி போட்ட சட்டை, முகம் பார்க்கிற மாதிரி பாலீஷ் போட்ட சப்பாத்து. நம் ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய கண் நேராகக் கூடாரங்களுக்குப் போயிற்று.

எங்கள் பந்தலின் துணியை அவரே தூக்கிப் பார்த்தார். உள்ளே மலைபோல் வெட்டிக் குவித்த வெள்ளரிக்காயும், அண்டா நிறைய மோரும், வியர்வையில் நனைந்த என் கணவரும் இருந்தார்கள். யார் வருகிறார் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் கூடாது.

"பாஸ்! சும்மா நிக்காதீங்க, ஆள் பத்தல!" என்று என் கணவர் கர்னலின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டார்.

கர்னல் டத்தோவைப் பார்த்தார். டத்தோ கண்ணால், செய்யுங்கள் என்றார். எங்களோடு போருக்கு நின்ற நாட்டின் ராணுவப் பிரதிநிதி, கிள்ளான் சங்கத்தின் பந்தலில் வரிசையாக வந்தவர்களுக்கு மோர் ஊற்றினார். முதலில் பயந்து பயந்து, பிறகு வேகமாக. "தாராளமா ஊத்துங்க பாஸ்!" என்று என் கணவர் பக்கத்தில் நின்று விரட்டினார். பிறகு கர்னல் தண்ணீர் லோரியைச் சோதிக்கப் போய்க் குழாயைத் திறந்தார். பாலீஷ் போட்ட சப்பாத்துக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. பந்தல் ஓரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தார். மைக்கேல் முன்னால், "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க, அக்கா, கொஞ்சம்" என்று கூட்டத்தை விலக்கினார்.

தலையில் குடம் இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. என் பணிக்காலத்தின் மிக முக்கியமான பேச்சுவார்த்தையை, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே நடத்தினேன்.

"இவ்வளவு பேரும் தாங்களாகவே வருகிறார்களா மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தடுத்தாலும் வருவார்கள்."

"அந்த ரத்ததான பஸ்?"

"இத்தனை கூட்டம் ஒரே இடத்தில் வேறு எப்போது கிடைக்கும்? அதனால் நிறுத்துகிறார்கள்."

"இரவு ரயில்கள்?"

"இவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

படி தொடங்கியது. அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு மனம் லேசாகியிருந்தது. நம்முடையது திருவிழா என்றால் அவர்களுடையதும் ஏதாவது ஒரு விழாவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் முட்டாள்தனம், சிரித்துவிட்டுப் போகலாம். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"உங்கள் ஊரில் என்ன விசேஷம் கர்னல்? உங்கள் கூடாரங்கள் எதற்கு?"

இன்னும் சில படி ஏறினோம்.

"எங்கள் ஊரில் விசேஷம் எதுவும் இல்லை, மேடம்" என்றார்.

நான் திரும்பவில்லை, திரும்ப முடியாது. ஆனால் குடத்தில் பால் ஆடியது, நெற்றியில் வழிந்தது. எங்கள் மோர்ப் பந்தலைப் பார்த்து அந்த நாடு உண்மையாகவே கூடாரம் அடித்திருந்தது. உண்மையாகவே காயத்துக்கு ரத்தம் சேர்த்திருந்தது. இந்தப் பையன் உண்மையாகவே மனைவியையும் பிள்ளைகளையும் விமானம் ஏற்றி அனுப்பியிருந்தான்.

"திருவிழா என்று சொல்லி மறைக்கிறார்கள் என்று நினைத்தோம்" என்றார். பிறகு போனை எடுத்தார். சிக்னல் இல்லை.

தைப்பூசத்தன்று பத்துமலையில் எப்படி சிக்னல் இருக்கும்? அத்தனை பேரும் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கர்னல் போனை உயரத் தூக்கிப் பார்த்தார். "கீழ டத்தோவும் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்றார் மைக்கேல், திரும்பிப் பார்த்துவிட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தகவல் வராவிட்டால் நண்பகலில் ஃபைசால் சிவப்பை அனுப்பிவிடுவார். மிகவும் கடமை தவறாத இளைஞர்.

"மைக்கேல்! எப்படியாவது இவங்கள வெளிய கொண்டு போங்க!"

"நீங்க ஏறுங்க அக்கா. நான் பாத்துக்கறேன்."

மைக்கேல் கர்னலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியதுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை என் கணவர் சொன்னார். சங்கத்தில் ஐஸ் கொண்டுவந்து போடும் தொண்டர்களிடம் இரண்டு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒன்றின் பின்னால் பட்டுச் சட்டையில் டத்தோ, மற்றொன்றின் பின்னால் வெறுங்காலில் கர்னல். இருவரும் முன்னால் இருந்தவரின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காவடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் எண்ணெய் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே சிக்னல் கிடைத்தது. கழிவறைப் பக்கம் ஒருவரும் காற்று அடிக்கும் இடத்தில் ஒருவரும் நின்று, அவரவர் நாட்டுக்கு விளக்கினார்களாம்.

நான் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே போய்ப் பாலைக் கொடுத்துவிட்டுக் கை கூப்பினேன். பேரப்பிள்ளைக்கு நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன், ஆனால் வாயில் டேனியல் பெயர்தான் வந்தது. பயத்தில் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து விபூதி பூசினார்.

இறங்கி வந்தபோது டத்தோ பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்றாவது கோப்பை மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஃபைசால் அனுப்பவில்லை. கர்னல் என் கணவருக்கு உதவியாக வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாச் சிவப்பும் தைப்பூசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில சமயம் அது சிவப்புதான், அப்போது தயங்காமல் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் பலகையைத் திருப்பி, நம்மைப் பற்றியும் ஒரு முறை கட்டம் போடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் நம்மில் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார் என்று தெரியாமல், அவரைப் பார்த்து நாம் பயப்படக் கூடாது. உங்கள் கணினித் திரைக்குப் பின்பக்கம் இல்லையென்றால் காகிதத்தில் போடுங்கள். ஸ்டேப்ளர் மேல் அலமாரியில் இருக்கிறது.

அடுத்த வாரம் இரண்டு படகுகளும் பாறையை விட்டு விலகின. பாறை இன்றும் அலை ஏறினால் முழுகுகிறது. கரைக்கு வந்ததும் டேனியல் அப்பாவுக்குப் போன் செய்தான். மைக்கேல் போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேசையில் வைத்தார்.

தைப்பூசத்தன்று விடிந்தபோதே எதிர்ப் படகில் துப்பாக்கி உறையைக் கழற்றியிருந்தார்களாம். தினமும் ஸ்கிப்பிங் ஆடுகிறவன் அன்று துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து நேராக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். உறையைக் கழற்ற உத்தரவு வரும் என்று இவர்களும் காத்திருந்தார்களாம். வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அவன் எழுந்து, உறையை எடுத்துப் போட்டு மூடினான். உள்ளே போய்க் கயிற்றை எடுத்துவந்து ஆட ஆரம்பித்தான்.

"நாங்க எல்லாம் கை தட்டுனோம்ப்பா. அவன் தப்பே பண்ணல, ஆனாலும் தட்டுனோம்" என்றான் டேனியல். "என்ன பண்ணீங்க நீங்கள்லாம்?"

மைக்கேல் போன் பக்கம் குனிந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"மோர் குடுத்தோம்டா" என்றார்.